தேர்ந்தெடுக்கும் தாய்மார்: ஸ்பானிய நடுநிலைப் பள்ளி ஒன்றை முன்வைத்து

1

கலிஃபோர்னியாவில் ஒரு நடுநிலைப் பள்ளியின் நூலகம். ஜனவரி மாதத்து மாலை. ஆறாம் வகுப்பில் தொடங்கும் ஸ்பானிய இம்மெர்ஷன் பிரிவைப் பற்றி விளக்கம் சொல்லப் பெற்றோரை அழைத்திருந்தார்கள். வாசல் மேசையில் பெயர் எழுதும் தாள், பிஸ்கட் தட்டு, அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறைய ஹெட்ஃபோன்கள். கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. ஸ்பானிய மொழி பேசும் பெண்கள் ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கடைசி இரண்டு வரிசைகளில் உட்கார்ந்தார்கள். சுவரோரம் நின்ற மொழிபெயர்ப்பாளர் ஒலிவாங்கியை வாயருகே வைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு மொழி அறிந்த குழந்தையின் மூளை எப்படி வளர்கிறது, வேலைச் சந்தையில் ஸ்பானியத்துக்கு என்ன மதிப்பு என்றெல்லாம் முன்னால் திரையில் படங்கள் ஓடின. ஸ்பானியத்தில் பிறந்து வளர்ந்த பெண்கள் தங்கள் மொழியின் பெருமையை மொழிபெயர்ப்பில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாற்பது பேர் இருந்திருப்போம். அதில் ஆண்கள் ஆறு பேர். ஆனாலும் மேடையில் பேசியவர் எங்களைப் ‘பெற்றோர்’ என்றே அழைத்தார். வீட்டுக்கு வந்திருந்த ஸ்பானிய அழைப்பிதழிலோ ‘பாத்ரெஸ்’ என்று இருந்தது. அந்தச் சொல்லுக்கு நேர்ப்பொருள் தந்தையர். ஸ்பானிய இலக்கணத்தில் ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு ஆண்பால் பன்மைதான். முப்பத்து நான்கு பெண்கள் ‘தந்தையர்’ என்ற அழைப்பை ஏற்று வந்திருந்தோம்.

அந்த ஹெட்ஃபோன் பெட்டியும் அந்த அழைப்பிதழும் பல மாதங்கள் என்னை விடவில்லை. ஒரு குழந்தைக்குப் பள்ளி தேடுவது வீட்டு விஷயம், தனிப்பட்ட விஷயம் என்று நாம் நினைக்கிறோம். அந்தத் தேடலில் யாருடைய உழைப்பு செலவாகிறது, யாருடைய மொழி மூலப்பொருளாகிறது, பலன் யாருக்குப் போகிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். நான் வெளியே நின்று பார்க்கவில்லை. என் மகளுக்கு அப்போது பத்து வயது. விண்ணப்பம் என் கையில் இருந்தது.

2

இம்மெர்ஷன் என்றால் முக்கியெடுத்தல். மொழியை ஒரு பாடமாகச் சொல்லித் தராமல், அந்த மொழியிலேயே கணக்கையும் அறிவியலையும் சொல்லித் தருவது. பல தொடக்கப் பள்ளிகளில் மழலை வகுப்பில் நாளின் 90 விழுக்காடு ஸ்பானியத்திலும் 10 விழுக்காடு ஆங்கிலத்திலும் தொடங்குவார்கள். ஆண்டுக்காண்டு ஆங்கிலம் கூடி, நான்காம் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பாதியாகும். இதிலேயே ‘இருவழி’ என்று ஒரு வகை உண்டு. வீட்டில் ஸ்பானியம் பேசும் குழந்தைகளையும் ஆங்கிலம் பேசும் குழந்தைகளையும் ஏறக்குறையச் சமமாக ஒரே வகுப்பில் சேர்ப்பார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பார்கள் என்பது எண்ணம். ஆசிரியருக்கு இணையாகப் பக்கத்து நாற்காலிக் குழந்தையும் பாடம் நடத்துகிறது.

நடுநிலைப் பள்ளியில் கதை மாறிவிடுகிறது. ஒரே ஆசிரியர் நாள் முழுதும் நடத்தும் வகுப்பு போய், பாடத்துக்கொரு ஆசிரியர் வருகிறார். அறிவியலோ வரலாறோ நடத்தும் தகுதியும், அதை ஸ்பானியத்தில் நடத்தும் சான்றிதழும் ஒருவரிடமே இருப்பது அரிது. அதனால் பெரும்பாலான பள்ளிகளில் இம்மெர்ஷன் இரண்டு பீரியடுகளாகச் சுருங்குகிறது. ஒன்று ஸ்பானிய மொழிப் பாடம், மற்றொன்று பெரும்பாலும் வரலாறு. மொழிப் பாடத்துக்கான பீரியடு வானத்திலிருந்து விழுவதில்லை. ஓவியம், இசை, நாடகம், கணினி என்று குழந்தை தானாக விரும்பி எடுக்கும் பாடத்துக்கான இடத்தில்தான் அது உட்காருகிறது.

எனவே உண்மையான முடிவு பதினோரு வயதில்தான் வருகிறது. இத்தனை ஆண்டு படித்ததை இப்போது விட்டால் வாயில் இருக்கும் ஸ்பானியம் வாடிவிடும். விடாவிட்டால் வயலின் போய்விடும். இந்தக் கணக்கைப் போடுவது யார்?

3

தமிழில் ‘தேர்வு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். தேர்ந்தெடுப்பதும் தேர்வு, பரீட்சையும் தேர்வு. பள்ளி தேடும் தாய்க்கு இரண்டும் ஒன்றே. அவள் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதாக ஊர் சொல்கிறது. அந்தத் தேர்வில் மதிப்பெண் போடப்படுவது அவளுக்கு.

என் வேலைகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். நான்கு பள்ளிகளைச் சுற்றிப் பார்த்தேன். நான்கும் வார நாளில், காலை ஒன்பதரைக்கு. கணக்கில் மேல்நிலை வகுப்பு யாருக்குக் கிடைக்கும், குலுக்கலில் அக்கா தம்பிக்கு முன்னுரிமை உண்டா, பேருந்து வருமா என்று விசாரித்தேன். எல்லாவற்றையும் கட்டம் போட்டு எழுதினேன். கணவர் அந்தக் கட்டங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “நீ சொன்னால் சரி” என்றார். அவர் நல்ல மனிதர். அதில்தான் சிக்கல். முடிவின் சுமையை என்னிடம் விட்டதை எனக்குத் தந்த மரியாதையாகவே அவர் நினைத்தார்.

ஷேரன் ஹேஸ் 1996இல் எழுதிய ‘தாய்மையின் பண்பாட்டு முரண்பாடுகள்’ என்ற நூல் இதைத் ‘தீவிரத் தாய்மை’ என்கிறது. குழந்தைக்காகச் செலவிடும் நேரத்துக்கும் பணத்துக்கும் மனத்துக்கும் எல்லையே கூடாது என்று ஒரு சமூகம் பெண்களிடம் எதிர்பார்ப்பது. கனடாவின் அலிசன் கிரிஃபித்தும் டோரதி ஸ்மித்தும் 2005இல் எழுதிய நூல் இன்னும் ஒரு படி போகிறது. பள்ளிக்கூடம் என்ற நிறுவனம் ஓடுவதே தாய்மாரின் கூலியில்லா உழைப்பை நம்பித்தான் என்கிறார்கள் அவர்கள். அந்த உழைப்பு கிடைக்கும் வீட்டுக் குழந்தை ‘தயாராக’ வருகிறது. கிடைக்காத வீட்டுக் குழந்தை ‘பின்தங்கி’ வருகிறது. குறை பள்ளியுடையதாக எழுதப்படுவதில்லை, தாயுடையதாக எழுதப்படுகிறது.

எனக்கு அந்த உழைப்பைத் தர நேரம் இருந்தது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். திருமணமாகி மதுரையிலிருந்து இங்கே வந்தபோது எனக்கிருந்தது எச்-4 விசா. கணவரின் விசாவைச் சார்ந்து நிற்கும் மனைவியின் விசா அது. 2015 வரை அந்த விசாவில் இருப்பவர்கள் வேலை செய்ய அனுமதி இல்லை. அதன் பிறகும் சிலருக்கு மட்டுமே. பொறியியல் படித்த எத்தனையோ பெண்களின் திறமை பள்ளிக் கட்டங்களை நிரப்புவதில் செலவாகியிருக்கிறது. எங்கள் குழந்தைகளின் ‘வெற்றி’யைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

4

இம்மெர்ஷன் வகுப்பறைக்கு வரலாற்றில் இரண்டு தாய்வழிகள் உண்டு.

முதலாவது கனடாவில். மாண்ட்ரியலை ஒட்டிய செயின்ட் லாம்பர்ட் என்ற ஊர். ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பிரெஞ்சு மொழியை ஆண்டுக்கணக்கில் படித்தும் ஒரு வாக்கியம் பேச முடியாமலிருந்தார்கள். ஓல்கா மெலிகாஃப், மியூரியல் பார்க்ஸ், வேலரி நீல் என்ற மூன்று தாய்மார் இன்னும் சில பெற்றோரைத் திரட்டினார்கள். கல்வி வாரியத்துடன் ஈராண்டு மல்லுக்கட்டினார்கள். மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பர்ட்டின் ஆதரவையும் தேடிப் பெற்றார்கள். 1965 செப்டம்பரில் 26 குழந்தைகளோடு முதல் பிரெஞ்சு மழலை வகுப்பு தொடங்கியது. அதைப் பார்த்து 1971இல் கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டி ஸ்பானியத்தில் தொடங்கியது. ஆய்வு நூல்களில் முதலில் வருவது பேராசிரியரின் பெயர். மூன்று அம்மாக்கள் ‘பெற்றோர் குழு’ என்ற சொல்லுக்குள் போய்விட்டார்கள்.

இரண்டாவது தாய்வழி கலிஃபோர்னியாவிலேயே, அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன். ஆரஞ்சு கவுண்டியில் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊர். சோலெடாட் விடௌரி என்ற பெண் தன் பிள்ளைகளையும் தன் சகோதரர் மெண்டஸின் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனார். அவருடைய பிள்ளைகள் வெளுத்த நிறம், குடும்பப் பெயரும் பிரெஞ்சுப் பெயர் போல ஒலித்தது. அவர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கறுத்த மெண்டஸ் பிள்ளைகளை மெக்சிகர்களுக்கான பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். விடௌரி ஒருவரையும் சேர்க்காமல் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவந்தார். அங்கே தொடங்கியது மெண்டஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர் வழக்கு. 1946இல் மாவட்ட நீதிமன்றத்திலும் 1947இல் மேல்முறையீட்டிலும் குடும்பங்கள் வென்றன. அமெரிக்கா முழுவதும் நிறப் பிரிவினைப் பள்ளிகளை முடிவுக்குக் கொண்டுவந்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு அது முன்னோடி. பள்ளி நிர்வாகம் தன் தரப்பாக வைத்த வாதங்களில் ஒன்று மொழி: இந்தக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் வராது, அதனால் தனிப் பள்ளி.

வழக்கின் பெயரில் இருப்பவர் கொன்சாலோ மெண்டஸ். அவர் ஆள் திரட்டவும் வழக்கறிஞரைப் பார்க்கவும் அலைந்த நாட்களில், குடும்பம் குத்தகைக்கு எடுத்திருந்த பண்ணையை நடத்தியவர் அவர் மனைவி ஃபெலிசிட்டாஸ். புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர்.

ஒரு தாய்வழி, குழந்தைக்கு இன்னொரு மொழி வேண்டும் என்று கேட்டது. மற்றது, மொழியைக் காட்டிக் குழந்தையை ஒதுக்காதே என்று கேட்டது. இன்றைய இருவழி வகுப்பில் இந்த இரண்டு வழியிலும் வந்த குழந்தைகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள். விளம்பரத் தாள்களோ முதல் வழியின் மொழியிலேயே பேசுகின்றன.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. 1998இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 61 விழுக்காட்டு ஆதரவுடன் 227ஆம் முன்மொழிவை நிறைவேற்றி, இருமொழிக் கல்வியை ஏறக்குறைய நிறுத்தினார்கள். தன் குழந்தைக்கு விலக்கு வேண்டுமென்றால் பெற்றோர் நேரில் பள்ளிக்கு வந்து விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் ஆண்டுதோறும். ‘பெற்றோர்’ என்று சட்டம் சொன்னாலும், வேலை நேரத்தில் அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நின்றவர்களில் பெரும்பாலோர் யாராக இருந்திருப்பார்கள் என்று ஊகிக்கக் கடினமில்லை. 2016இல் 58ஆம் முன்மொழிவு அந்தத் தடையை நீக்கியது. அப்போது ஆதரவு 73 விழுக்காடு. ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு உதவி என்று பேசப்பட்டபோது தோற்ற அதே ஸ்பானியம், எல்லோருடைய பிள்ளைகளுக்கும் கூடுதல் திறன் என்று பேசப்பட்டபோது வென்றது.

5

இந்த முரணைப் பெண்களின் எழுத்து முன்பே எழுதி வைத்திருக்கிறது.

குளோரியா அன்சால்டுவாவின் ‘எல்லைநிலங்கள்’ 1987இல் வெளிவந்தது. டெக்சஸ் பள்ளியில் இடைவேளையில் ஸ்பானியம் பேசியதற்காக அளவுகோலால் விரல் கணுக்களில் அடி வாங்கியதை அதில் எழுதுகிறார். மகளின் ஆங்கிலத்தில் மெக்சிகோ வாடை அடிக்கிறதே என்று அவர் தாய் குமைந்ததையும் எழுதுகிறார். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்ற அச்சம், தாயின் வாயிலிருந்துதான் மகளை எட்டுகிறது. ஆதிக்கம் தன் கட்டளைகளை நிறைவேற்ற அம்மாவை வேலைக்கு வைத்திருக்கிறது. ‘தாய்மொழி’ என்று மொழிக்குத் தாயின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். அதைக் குழந்தையிடமிருந்து பிடுங்கும் வேலையும் தாய்க்கே வந்துசேர்கிறது.

அதே கட்டுரையில் இன்னொரு இடம். ‘நாங்கள்’ என்பதற்குப் பெண்பாலில் ‘நோசோத்ராஸ்’ என்று ஒரு சொல் இருப்பதை, வேறு நாட்டுப் பெண்கள் இருவர் பேசும்போதுதான் அன்சால்டுவா முதன்முதலாகக் கேட்கிறார். அவர் வளர்ந்த சூழலில் பெண்களும் தங்களை ஆண்பால் பன்மையிலேயே சொல்லிக்கொண்டார்கள். ஆகவே அவர் ஸ்பானியத்தையும் புனிதமாக்கவில்லை. ஆங்கிலம் அவரை நிறத்தால் அழித்தது, ஸ்பானியம் பாலால் அழித்தது. இம்மெர்ஷன் பள்ளியின் சுவரொட்டிகள் தரும் திருவிழா ஸ்பானியத்தில் இந்தச் சிக்கலுக்கு இடமே இல்லை.

சாண்ட்ரா சிஸ்னெரோஸின் ‘மாங்கோ தெரு வீடு’ 1984இல் வந்தது. அதில் மாடியிலிருந்து கீழே இறங்காத ஒரு பெண் வருகிறாள். ஆங்கிலம் தெரியாததுதான் காரணமோ என்று தெரு பேசிக்கொள்கிறது. ஒருநாள் அவளுடைய கைக்குழந்தை தொலைக்காட்சியில் கேட்ட குளிர்பான விளம்பரத்தை ஆங்கிலத்தில் பாடுகிறது. அவள் உடைந்து போகிறாள். ஒரு பக்கம்கூட நிறையாத அந்தக் காட்சியில் ஒரு தாய் தன் குழந்தையை ஒரு மொழிக்குப் பறிகொடுக்கிறாள்.

ஆண் எழுத்தில் இதே நிகழ்வு வேறாகத் தெரிகிறது. ரிச்சர்ட் ரோட்ரிகஸ் 1982இல் எழுதிய தன்வரலாறு இருமொழிக் கல்வியை எதிர்க்கும் நூல். கன்னியாஸ்திரீகள் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறார்கள். அன்றிலிருந்து வீட்டின் பேச்சு குறைகிறது. அவரைப் பொறுத்தவரை அந்த இழப்பு தேவையான விலை. ஸ்பானியம் வீட்டின் மொழி, ஆங்கிலம் பொதுவெளியின் மொழி, பொதுவெளிக்கு வர வீட்டை விட்டாக வேண்டும். இந்தப் பிரிப்பைப் பெண்கள் நன்கு அறிவோம். வீடு, வெளி என்று உலகை இரண்டாக்கி, வீட்டில் இருப்பதையெல்லாம் வளர்ந்ததும் கழற்றிப் போட வேண்டிய சட்டையாகக் காண்பது பழைய ஆண்மையச் சிந்தனை. அவர் நூல் அழகானது, நேர்மையானது. ஆனால் தாயின் மொழியை ஏன் பொதுவெளிக்குக் கொண்டுவர முடியாது என்ற கேள்வி அதில் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, உடனே எச்சரிக்கையும் செய்தவர் குவாதலூபே வால்தெஸ். 1997இல் வெளியான அவருடைய கட்டுரை இருவழி வகுப்புகளைப் பற்றியது. இந்த வகுப்பால் அதிகம் பயன்பெறப் போவது யார் என்று கேட்டார். ஸ்பானியக் குழந்தையின் மொழி, ஆங்கிலக் குழந்தைக்கான வளமாக எடுத்துக்கொள்ளப்படலாம். வெள்ளைக் குழந்தை தட்டுத்தடுமாறி ஒரு ஸ்பானிய வாக்கியம் பேசினால் கைதட்டல் கிடைக்கும். மெக்சிகோக் குழந்தை ஆங்கிலம் பேசினால் அது கடமை. எச்சரிக்கை வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. நூலகத்தின் கடைசி வரிசையை நினைத்துக்கொண்டேன்.

6

அந்த வரிசையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். என் மகளின் வகுப்புத் தோழியின் அம்மா. எல் சால்வடோரிலிருந்து வந்தவர். மாலை ஏழு மணி முதல் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்கிறார். அன்று ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவருடைய ஆங்கிலமும் என் ஸ்பானியமும் பாதிப் பாதி. மீதியை எங்கள் மகள்கள் நிரப்புவார்கள்.

கூட்டம் முடிந்து வாகன நிறுத்தத்தில் நின்றபோது அவர் கேட்ட கேள்வி என் கட்டங்களில் இல்லாதது. “என் பெண்ணுக்கு ஓவியம் கிடைக்குமா?”

கிடைக்காது. காரணத்தைச் சொல்வதற்கு ஆறு ஆண்டு பின்னே போக வேண்டும். கலிஃபோர்னியாவில் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். குழந்தை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் பேசுவது எது என்ற கேள்விகள். ஆங்கிலம் அல்லாத மொழியை எழுதினால் குழந்தைக்கு ஆங்கிலத் தேர்வு வைக்கப்படும். தேறாவிட்டால் ‘ஆங்கிலம் கற்பவர்’ என்ற பட்டியலில் சேரும். அந்தத் தோழியின் அம்மா உண்மையை எழுதினார்: ஸ்பானியம். அவருடைய மகள் ஐந்தாம் வகுப்பு முடிவிலும் அந்தப் பட்டியலைவிட்டு வெளியே வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு மேலும் அதில் நீடிக்கிற மாணவர்களுக்கு ‘நீண்டகால ஆங்கிலம் கற்போர்’ என்று மாநிலச் சட்டத்திலேயே ஒரு பெயர் உண்டு. நடுநிலைப் பள்ளியில் அவர்களுக்கு ஆங்கில மேம்பாட்டு வகுப்பு உண்டு. எங்கள் பள்ளியில் அதற்கென ஒரு தனிப் பீரியடு. ஆங்கில மேம்பாடு ஒரு பீரியடு, ஸ்பானியம் ஒரு பீரியடு. ஓவியத்துக்கு இடமில்லை.

அதே படிவத்தில் நான் என்ன எழுதினேன்? ஆங்கிலம். என் மகள் முதலில் பேசிய சொல் ‘நிலா’. ஆனால் பூங்காவில் சந்தித்த மற்ற இந்திய அம்மாக்கள், தமிழ் என்று எழுதாதே, வீணாகத் தேர்வு வைப்பார்கள் என்று சொல்லித் தந்திருந்தார்கள். நல்லெண்ணத்தில் சொன்ன யோசனை அது. நானும் நல்லெண்ணத்தில் பொய் எழுதினேன். அதன் விளைவாக என் மகள் இருவழி வகுப்பில் ‘ஆங்கிலக் குழந்தைகள்’ கணக்கில் சேர்ந்தாள். அவள் பேசும் ஸ்பானியம் எல்லோருக்கும் வியப்பு. அவள் தோழியின் ஸ்பானியம் யாருக்கும் செய்தியல்ல. மருத்துவமனையிலும் வீட்டுக்காரரிடமும் தன் அம்மாவுக்காக மொழிபெயர்க்கும் அந்தப் பெண்ணின் இருமொழித் திறமைக்கு எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

இதனால் இம்மெர்ஷன் வேண்டாம் என்று முடிவு கட்டினால் அது அந்தத் தாய்க்குச் செய்யும் இன்னொரு அநீதி. அவருக்கு அந்தப் பிரிவு வேண்டும். தன் மகள் பாட்டிக்குப் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். வீட்டு ஸ்பானியம் அடுக்களைக்குப் போதும், மனதில் உள்ளதை எழுதப் போதாது என்றார். சான்றுகளும் அவர் பக்கம். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரப் பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளிவந்தது. இம்மெர்ஷனில் இடம் கிடைத்தவர்கள் எட்டாம் வகுப்பில் ஆங்கில வாசிப்பில் ஏறக்குறைய ஒன்பது மாதம் முன்னே இருந்தார்கள். கணக்கிலும் அறிவியலிலும் பின்னடைவு தென்படவில்லை. ஆக, முறை நல்லது. அதன் செலவை யார் தலையில் வைக்கிறோம் என்பதுதான் கோணல்.

அவர் மகள் அந்தப் பள்ளிக்குப் போகவில்லை. ஓவியத்தால் அல்ல, பேருந்தால். பள்ளி ஊரின் மறுகோடியில். பள்ளிப் பேருந்து கிடையாது. கணவர் அதிகாலை ஐந்துக்குக் காரை எடுத்துக்கொண்டு கட்டட வேலைக்குப் போய்விடுவார். நகரப் பேருந்து என்றால் இரண்டு மாற வேண்டும். நான் தினமும் கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் சிரித்தார். “மூன்று வருஷமா?” என்று கேட்டார். நான் அன்பாகச் சொன்னதில் இருந்த ஏற்றத்தாழ்வு எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடம் ஒருவருக்குக் கடன்பட்டு வாழ அவர் விரும்பவில்லை.

7

என் மகள் போனாள். வயலினை விட்டாள், ஒரு வாரம் அழுதாள். ஏழாம் வகுப்பு வரலாற்றை ஸ்பானியத்தில் படிக்கப் போகிறாள்.

மதுரையில் இருக்கும் அம்மாச்சியிடம் தொலைபேசியில் பேசும்போது, “நல்லாருக்கேன், சாப்டேன்” என்ற இரண்டு சொற்களுக்குப் பிறகு தமிழ் தீர்ந்துவிடுகிறது. ஒருநாள் “அம்மா, தமிழுக்கு ஏன் இப்படிப் பள்ளி இல்லை?” என்று கேட்டாள். வாரயிறுதித் தமிழ்ப் பள்ளி இருக்கிறதே என்றேன். அங்கே சொல்லித் தருபவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற அம்மாக்கள், சம்பளமில்லாமல். ஸ்பானியத்துக்கு வரிப்பணமும் பாடநூலும் உண்டு, தமிழுக்குப் பெண்களின் சனிக்கிழமை. ஆனால் அவள் கேள்விக்கு உண்மையான பதில் அந்தப் படிவத்தில் இருந்தது. இந்த வீட்டில் தமிழ் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஆங்கிலப் பள்ளிக்காகத் தமிழை வீட்டு வாசலில் கழற்றி வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் வந்ததல்ல. கான்வென்ட் சீட்டுக்காக இரவில் வரிசையில் நின்ற பெற்றோரின் மகள்கள் நாம். எந்த மொழி படியேற்றும், எந்த மொழி கீழே தள்ளும் என்று மோப்பம் பிடிக்கும் மூக்கு நமக்கு அங்கேயே வளர்ந்துவிட்டது. இங்கே வந்து அதை ஸ்பானியத்தின் பக்கம் திருப்பினேன், அவ்வளவுதான். அதை மொழிப்பற்று என்றும் உலகப் பார்வை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டதில் பாதி பொய்.

8

பள்ளி தேடும் பெண்களிடம் ‘தேடாதீர்கள்’ என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. கேட்கும் கேள்விகளை மாற்றலாம். மதிப்பெண் பட்டியலுக்கு முன், ஸ்பானியம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு எத்தனை இடம் என்று கேட்கலாம். ஆங்கில மேம்பாட்டு வகுப்பில் இருக்கும் குழந்தைக்கு ஓவியமும் இசையும் எப்படிக் கிடைக்கும், அதற்கு ஏழாவது பீரியடு உண்டா என்று கேட்கலாம். பேருந்து ஏன் இல்லை, கூட்டம் ஏன் மாலை வேலைக்காரர்களால் வர முடியாத நேரத்தில் நடக்கிறது என்று கேட்கலாம். எல் சால்வடோர் வீட்டுப் பேச்சைப் பாடநூல் ஸ்பானியம் ‘பிழை’ என்று திருத்துகிறதா என்று கேட்கலாம். இவை என் குழந்தைக்கு நேரடியாகப் பயன்படாத கேள்விகள். இவற்றையும் தன் வேலையாக ஏற்காத தாய்மை, நம் வீட்டுக் கதவோடு நின்றுவிடுகிறது.

அந்த ஜனவரிக் கூட்டத்தின் கடைசியில், “நாம் எல்லோரும் ஒரே இருமொழிக் குடும்பம்” என்ற பொருளில் மேடையில் ஒரு வாக்கியம் சொன்னார்கள். ஆங்கிலத்தில் அது ஒரே ‘வீ’. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. கேட்பவரையும் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை ‘நாங்கள்’ என்றுதான் என்னால் மொழிபெயர்க்க முடிந்தது.

மார்ச்சில் நான்கு அம்மாக்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினோம். இந்தப் பிரிவின் கூட்டங்களை ஸ்பானியத்தில் நடத்துங்கள், தேவைப்படும் ஆங்கிலக்காரர்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளட்டும் என்று கேட்டோம். முதலில் மறுத்தார்கள். பிறகு ஒருமுறை செய்து பார்க்கலாம் என்றார்கள். அக்டோபரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. பெட்டியிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துக்கொண்டு நானும் கணவரும் உட்கார்ந்தோம். மொழிபெயர்ப்பு இரண்டு வாக்கியம் பின்தங்கியே வந்தது. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு நாங்கள் சிரித்தோம். முன்வரிசையில் ஸ்பானியம் பேசும் பெண்கள் ஒருவரை ஒருவர் இடைமறித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாதி புரியவில்லை.

அன்று என் மகளின் தோழியின் அம்மா அங்கே இல்லை. அவருடைய மகள் வேறு பள்ளியில் ஓவியம் படிக்கிறாள். அவருக்கு ஏழு மணிக்கு வேலை.